வாசகர் கேள்வி – பதில்: மலை ஆட்டு வேட்டைக்கு எந்தத் துவக்கு?

சென்ற இதழில் மூஸ் என்கிற பெரிய மானின் வேட்டையைப் பற்றி எழுதியபோது, மலை ஆட்டை, அதாவது சுருள் கொம்புள்ள காட்டுச் செம்மறியைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதப் பக்கம் முழுவதும். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ஃபோர்ட் சென்ட் ஜோனில் துவக்குத் திருத்துகிற மேசை என்னுடையது. ஓகஸ்ட் பிறந்தால் மேசையைப் பூட்டிவிட்டு வேட்டை வழிகாட்டிகளுக்குச் சுமை தூக்கப் போய்விடுவேன். துவக்கை விற்பவரும் சொல்லாத, வாங்குபவரும் கேட்காத சில விஷயங்கள் சுமை தூக்குகிறவனுக்குத் தெரியும்.

கேள்வி (பிரின்ஸ் ஜோர்ஜ் வாசகர்): அண்ணை, மான் வேட்டைக்கு என்னிடம் ஒரு .300 வின்செஸ்டர் மக்னம் இருக்கிறது. எல்லாம் பூட்டி நிறுத்தால் 4.3 கிலோ. அடுத்த வருடம் நண்பர்களோடு ஸ்டோன் என்ற மலை ஆட்டுக்கு வடக்கே போவதாக இருக்கிறோம். கடையில் 2.2 கிலோ துவக்கு ஒன்றைக் காட்டினார்கள். காபன் குழல் போட்ட இன்னொன்றையும் காட்டினார்கள். எதை வாங்கலாம்? விலையை இன்னும் மனைவிக்குச் சொல்லவில்லை.

பதில்: சொல்லிவிட்டே வாங்குங்கள், தம்பி. பத்து நாள் வீட்டை விட்டுப் போகப் போகிறீர்கள், அதற்கு முன்பே ஒரு சண்டை எதற்கு?

கடையில் சொன்ன 2.2 கிலோ வெறும் துவக்கின் பாரம். ஸ்கோப் (குறிபார்க்கிற தொலைநோக்கி) இல்லை, அதைப் பூட்டுகிற வளையங்கள் இல்லை, தோள் வார் இல்லை, ரவை (தோட்டா) இல்லை. உங்களுடைய 4.3 கிலோவோ எல்லாம் சேர்ந்த பாரம். அதனால்தான் பாதிக்குப் பாதி குறைந்ததுபோலத் தெரிகிறது. 2.2 கிலோவோடு 400 கிராம் ஸ்கோப், 60 கிராம் வளையம், 100 கிராம் வார், நாலு ரவைக்கு இன்னொரு 100 கிராம் என்று கூட்டிப் பாருங்கள். 2.9 கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். கடைக்குப் போகும்போது ஒரு தூக்குத் தராசு கொண்டுபோங்கள். சூட்கேஸ் நிறுக்க எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கும்தானே. விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணை நம்பவேண்டாம்.

என் மேசைக்கு வருகிறவர்களில் பலர் பெரும் காசு கொடுத்து மெல்லிய துவக்கை வாங்கிவிட்டு, அதன் தலையில் 900 கிராம் நெடுந்தூர ஸ்கோப்பை ஏற்றுகிறார்கள். உருக்கு வளையம், இரட்டைக்கால் தாங்கி எல்லாம் பூட்டச் சொல்கிறார்கள். பூட்டிக் கொடுப்பேன், அது என் தொழில். ஆனால் பாரம் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அதைவிடக் கெடுதி, பாரமெல்லாம் மேலே ஏறித் துவக்கு கைக்குள் உருளுகிறது. மலை ஆட்டுக்கு 350, 400 கிராமுக்கு மேல் ஸ்கோப் தேவையில்லை. பத்து மடங்கு பெருக்கினால் தாராளம். ஆறு மடங்கு நிலையான ஸ்கோப்போடு காலமெல்லாம் வேட்டையாடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பாரம் ஏன் முக்கியம் என்பதையும் சொல்லவேண்டும். மூஸ் வேட்டையில் படகிலோ நாலு சில்லு வண்டியிலோ போய் இறங்கலாம். ஸ்டோன் ஆடு, அதன் இனமான டால் ஆடு இரண்டும் மரம் முடிகிற கோட்டுக்கு மேலே, புல்லும் சரளைக் கல்லும் மட்டுமே இருக்கிற இடத்தில் நிற்பவை. கூடாரம், உணவு, தூரநோக்கி எல்லாவற்றோடும் இருபது, இருபத்தைந்து கிலோ முதுகில் ஏற்கனவே இருக்கும். சரிவில் இரண்டு கையும் ஊன்றி ஏறுகிற நேரம் துவக்கு ஒரு தோளை மட்டும் இழுக்கும். பத்து நாளும் சுமப்பீர்கள், வெடி வைப்பது ஒன்றோ இரண்டோ. ஒன்றும் வைக்காமல் திரும்புகிறவர்களும் நிறைய. கிடாய் விழுந்தால் இறைச்சி, தலை, தோல் எல்லாவற்றையும் அதே முதுகில்தான் இறக்கவேண்டும்.

ஆகவே மெல்லிய துவக்கு வேண்டும், சரி. எவ்வளவு மெல்லியது? என் கணக்கில் எல்லாம் பூட்டி, ரவை போட்டு 2.9 கிலோவிலிருந்து 3.5 கிலோ வரை. அதற்குக் கீழே போகப் போக துவக்கு உங்களைக் கேட்காது. ஏறி வந்த மூச்சு அடங்காமல் படுத்துக் குறிபார்க்கிறீர்கள் என்று வையுங்கள். நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஸ்கோப்புக்குள் தெரிகிற குறிக்கோடு துள்ளும். மலைமுகட்டில் காற்று வேறு. பாரமான குழல் தன் பாரத்தாலேயே அடங்கி நிற்கும், மெல்லிய குழல் தென்னோலை மாதிரி ஆடும்.

அடுத்தது உதைப்பு. ஒரே ரவையை வைத்துக்கொண்டு துவக்கின் பாரத்தை மட்டும் குறைத்தால், பாரம் குறைகிற அதே விகிதத்தில் உதைப்பின் சக்தி கூடும். உங்கள் .300 மக்னத்தை 3 கிலோத் துவக்கில் போட்டால் இப்போது வாங்குகிற உதையைவிட நாற்பது வீதத்துக்கு மேல் கூடுதலாக வாங்குவீர்கள். மான் வேட்டையில் தடித்த சட்டையோடு நின்றபடி வாங்கிய உதை அல்ல இது. கல்லுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொண்டு வாங்கப்போகிற உதை. உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கும். அடுத்த தடவை விசையை அழுத்தும்போது கண் தானாக மூடும், தோள் முன்னுக்குத் தள்ளும், சன்னம் (ரவையிலிருந்து பாய்கிற குண்டு) வேறெங்கோ போகும். துவக்கு பிழை என்று என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். நான் இரண்டு வெடி வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். பாரத்தைக் குறைக்கிறீர்களானால் ரவையின் பலத்தையும் குறைத்தே ஆகவேண்டும். உங்களுக்கு ஏற்ற ரவை வகைகள்: .308, 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர், மிஞ்சினால் .270.

காபன் குழலைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவிக்கிடக்கிறது. அது மெல்லிய உருக்குக் குழலின் மேல் காபன் நாரைச் சுற்றிச் செய்வது. அதே பருமனுள்ள தடித்த உருக்குக் குழலோடு ஒப்பிட்டால் பாரம் குறைவு, அது உண்மை. ஆனால் மலைத் துவக்குகளில் போடுகிற பென்சில் போன்ற ஒல்லி உருக்குக் குழலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் காபன் குழல்தான் பாரம். காசும் கூட. வரிசையாகப் பத்து வெடி வைக்கிறவர்களுக்கு அதில் நன்மை உண்டு. மலை ஆட்டுக்கு வைக்கிற முதல் வெடி குளிர்ந்த குழலிலிருந்து போவது. அது எங்கே போகிறது என்பது மட்டும்தான் உங்களுக்கு வேண்டும். ஒல்லிக் குழல் மூன்று நாலு வெடியில் சூடேறிச் சிதறடிக்கத் தொடங்கும் என்று குறை சொல்வார்கள். சிதறட்டும், நாலாவது வெடிக்கு ஆடு அங்கே நிற்கப்போவதில்லை.

இப்போது எதை வாங்குவது. உங்களுக்குக் காட்டிய 2.2 கிலோத் துவக்கு கிம்பர் மௌண்டன் அசென்ட்டாக இருக்கவேண்டும். .308 ரகத்தில் அதுதான் அந்தப் பாரம். நல்ல துவக்கு. இந்த வகைக்கு வழி காட்டியவர் மேற்கு வேர்ஜினியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்ற துவக்குக் கொல்லர். 1980களில் அவர் ரவையின் நீளத்துக்கு ஏற்றபடி, போல்ட் ஓடி ரவை ஏற்றுகிற பெட்டியையே சிறிதாக்கினார், கெவ்லார் நாரும் காபனும் கலந்த கட்டையை (தோளில் வைத்துப் பிடிக்கிற பகுதி) போட்டார், ஐந்து இறாத்தல் அளவில், அதாவது 2.3 கிலோவை ஒட்டி, நிறுத்தினார். அதற்கு முன்பு மெல்லிய துவக்கு என்றால் கனமான துவக்கில் அங்கங்கே துளைபோட்டுச் சுரண்டுவது என்றுதான் பெரும்பாலும் இருந்தது.

இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட், துருப்பிடிக்காத உருக்கு ரகம். வெறும் பாரம் 2.9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, எல்லாம் பூட்டினால் 3.5. கிம்பரைவிட 650 கிராம் வரை கூடுதல், விலையோ ஏறத்தாழ பாதி. அந்த 650 கிராமை வேறு இடத்தில் இறக்கலாம். முதுகுப்பையில் வீணாகச் சுமக்கிற ஒரு லீற்றர் தண்ணீரே ஒரு கிலோ, மலையில் ஊற்று இருக்கிறது. மிஞ்சுகிற காசில் நல்ல சப்பாத்தும் இருநூறு ரவையும் வாங்குங்கள். அந்த இருநூறையும் கோடையிலேயே சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

சுடும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஒரே கடதாசி இலக்கைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். சுடுகிற மைதானத்துக்குப் போகிற ஒவ்வொரு முறையும் குழல் குளிராக இருக்கும்போது அதில் ஒரே ஒரு வெடி. முதுகுப்பையின் மேல் துவக்கை வைத்து, இடது கையால் முன்கட்டையை அழுத்திப் பிடித்துச் சுடுங்கள். கனமான துவக்கைப்போல இதைச் சும்மா வைத்துவிட்டு விசையைத் தொட்டால் துள்ளிவிடும். கோடை முடியும்போது அந்தக் கடதாசியைப் பார்த்தால், எத்தனை மீற்றருக்கு வெடி வைக்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்பது தெரியும். கடைக்காரர் சொல்கிற 600 மீற்றரை மறந்துவிடலாம்.

கேள்வி (கல்கரி வாசகர்): மாமனார் தன்னுடைய பழைய .270 வின்செஸ்டரைத் தந்திருக்கிறார். கூட வேலை செய்பவர்கள் அது கிழட்டு ரவை என்கிறார்கள். மலையில் கரடியும் இருக்குமே, போதுமா?

பதில்: .270 வந்தது 1925இல். கிழடுதான். அமெரிக்காவின் மலை ஆட்டு வேட்டைக்காரர்களில் பெயர்போன ஜாக் ஓகொன்னர் வாழ்நாள் முழுவதும் தூக்கிப் பிடித்த ரவை அது. அவர் காலத்து ஆடுகளுக்கும் இந்தக் காலத்து ஆடுகளுக்கும் தோல் ஒன்றுதான். டால், ஸ்டோன் கிடாய் பெரியது என்றால் நூறு கிலோவை ஒட்டி நிற்கும். மூஸ் மாதிரி எலும்பு இல்லை. 130 கிரெயின் (எட்டரை கிராமுக்குக் கிட்ட) சன்னம், 200 யார் (கெஜம்) தூரத்தில் குறி நேர்ப்படுத்தியது, 300 யார் தூரத்தில் ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் தாழும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

கரடிப் பயத்தில் பெரிய துவக்கு வாங்கி, அதன் பாரத்திலும் உதையிலும் ஆட்டைத் தவறவிட்டவர்கள் உண்டு. கரடியின் முகத்தில் பீச்சுகிற மிளகாய் மருந்துக் குப்பியை இடுப்பில் செருகுங்கள், முதுகுப்பைக்குள் அல்ல. இறைச்சியைக் கூடாரத்துக்குத் தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். திரும்பி எடுக்கப் போகும்போது முதலில் பைனாகுலரால் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வருவதாக இருந்தால், இங்கே கிரிஸ்லி கரடி வேட்டை 2017 டிசெம்பரோடு மூடப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாமனாரின் துவக்கு மரக்கட்டை என்று எழுதியிருந்தீர்கள். நாள் கணக்கில் மழையில் நனைந்தால் மரம் ஊதிக் குழலைத் தொடும், குறி மாறும். கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாளை ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் என்னைப்போல ஒருவரிடம் கொடுத்துச் செதுக்கி, தண்ணீர் புகாமல் பூசி எடுக்கலாம். அல்லது மலைக்கு மட்டும் செயற்கைக் கட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, மரத்தைத் துடைத்து வீட்டில் வையுங்கள். மாமனார் பார்க்க வரும்போது திருப்பிப் பூட்டிவிடலாம்.

கேள்வி (சரேயிலிருந்து ஒரு சகோதரி): என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கணவரின் துவக்கைத் தோளில் வைத்தால் ஸ்கோப்பில் பாதி கறுப்பாகத் தெரிகிறது, உதைப்பும் தாங்கவில்லை. அவர் குழல்வாயில் மஸில் பிரேக் (வெடிக்காற்றைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பைக் குறைக்கிற துண்டு) போடலாம் என்கிறார். சத்தம் அடக்கும் கருவி நல்லது என்று அலாஸ்காவில் இருக்கும் தோழி சொல்கிறாள்.

பதில்: தங்கச்சி, முதலில் தோழியின் யோசனையை ஓரமாக வையுங்கள். அலாஸ்காவில் அது சட்டப்படி சரி. கனடாவில் சத்தம் அடக்கும் கருவி தடைசெய்யப்பட்ட பொருள், வேட்டைக்கு மட்டுமல்ல, வைத்திருக்கவே கூடாது.

ஸ்கோப் கறுப்பது உங்கள் கண்ணின் குறையல்ல, கட்டை நீளம். விசையிலிருந்து கட்டையின் நுனி வரை பெரும்பாலான துவக்குகளில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். உங்கள் உயரத்துக்குப் பன்னிரண்டரை போதும். கட்டை நீளமாக இருப்பதால் தலையைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள், தோளை விட்டுக் கையின் மேற்புறத்தில் துவக்கை வைக்கிறீர்கள், உதையும் அங்கேதான் விழுகிறது. சின்னக் கட்டையோடு வருகிற ரகங்கள் உண்டு. இல்லாவிட்டால் இருக்கிற கட்டையை அறுத்து நல்ல இறப்பர் மெத்தை ஒட்டலாம், பெரிய வேலை இல்லை. அப்புறம் ஸ்கோப்பையும் உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி நகர்த்தவேண்டும். அதைக் குளிருடையோடு செய்யவேண்டும், வெறும் சட்டையோடு அல்ல. மலையில் நீங்கள் போடப்போகிற அதே மேலுடையோடு கடைக்கு வாருங்கள். ஜூலையில் வேர்த்தாலும் பரவாயில்லை.

பிரேக் உதையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் வேட்டைத் துவக்கின் சத்தம் சாதாரணமாகவே 160 டெசிபெல் பக்கம் போகும். 140ஐத் தாண்டினால் ஒரே வெடியில் காது கெடலாம். பிரேக் அந்தச் சத்தத்தைப் பக்கவாட்டிலும் பின்னுக்கும் திருப்பும். பக்கத்தில் படுத்துக்கொண்டு தூரநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் கணவரோ என்னைப்போன்ற ஒரு கூலிக்காரனோதான். எனக்கு வலது காதில் இரவில் கேட்கும் ரீங்காரம் அப்படி வந்தது. யார் சுட்டது என்பதை விடுங்கள். உங்களுக்கு 7எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மோர், 3.2 கிலோ அளவில், அளவான கட்டையோடு இருந்தால் பிரேக் தேவைப்படாது. இரண்டும் கிடாய்க்குத் தாராளம்.

வீட்டில் பழகலாம். உரிமப் பயிற்சியில் சொல்லித்தந்தபடி துவக்கு வெறுமையா என்று இரண்டு தடவை பார்த்து, ரவைகளை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து விசையை மெல்ல அழுத்துங்கள். புள்ளி அசையாமல் விசை விழுகிற வரைக்கும். உதையும் இல்லை, செலவும் இல்லை.

கேள்வி (யூகொன், வைட்ஹோர்ஸ் வாசகர்): மேலே நிற்கிற ஆட்டுக்குக் கொஞ்சம் கூட்டிப் பிடிக்கவேண்டும், கீழே நிற்பதற்குக் குறைத்துப் பிடிக்கவேண்டும் என்று கூட்டாளி சொல்கிறார். சரியா?

பதில்: பாதி பிழை. மேலே என்றாலும் கீழே என்றாலும் சன்னம் நீங்கள் நினைப்பதைவிட உயரத்தில்தான் போகும். ஆகவே இரண்டுக்கும் குறைத்தே பிடிக்கவேண்டும். சன்னத்தைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அதற்குக் கணக்கு கிடைத்தளத் தூரம் மட்டும்தான், சரிவில் அளந்த தூரம் அல்ல. சரிவில் 350 மீற்றர், கோணம் 30 பாகை என்றால் 303 மீற்றருக்குரிய குறிதான் பிடிக்கவேண்டும். 45 பாகை என்றால் 247க்கு. இப்போதைய லேசர் தூரமானிகள் பலவும் கோணத்தைக் கழித்துத் தாமே சொல்லிவிடும். ஆனால் பற்றரி குளிரில் செத்துப்போகும். மாற்றுப் பற்றரியைச் சட்டைப்பைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள். 200 மீற்றருக்குள் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேரே பிடியுங்கள்.

உங்கள் கூட்டாளிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். மலை ஆடு ஆபத்தைக் கீழேதான் தேடும். ஆகவே சுற்றி ஏறி, அதற்கு மேலே வந்து இறங்குவதுதான் வழக்கம். வெடியும் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும். கீழ்நோக்கிச் சுடும்போது குறிக்கோடு கல்லைத் தாண்டியிருந்தாலும், கீழே இருக்கிற குழல்வாய் கல்லுக்குப் பின்னால் இருக்கலாம். ஸ்கோப்பில் எல்லாம் தெளிவாகத் தெரியும். சன்னம் இரண்டு முழத்துக்கு முன்னால் இருக்கிற கல்லில் போய் மோதும். தலையைத் தூக்கிக் குழல்வாயை ஒரு தடவை பார்த்துவிட்டு வெடி வைக்கவேண்டும்.

கேள்வி (ஸ்காபரோவிலிருந்து ஒரு ஆசிரியை): ஐயா, மளிகைக்கடையில் ஆட்டிறைச்சி இருக்கும்போது, மலை உச்சியில் தன்பாட்டில் மேய்கிற ஒரு பிராணியைத் தேடிப்போய்க் கொல்வதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? பணக்காரர்களின் விளையாட்டை நம்முடைய பிள்ளைகளுக்குப் பழக்குகிறீர்கள்.

பதில்: அக்கா, பணக்காரர் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர் பொதுவாக உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இங்கே மலை ஆட்டை வேட்டையாட முடியாது. ஸ்டோன் ஆட்டுக்கு அவர்கள் கொடுக்கிற தொகை ஐம்பதாயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டிவிட்டது. 2013இல் அமெரிக்காவின் மொன்டானாவில் பிக்ஹோர்ன் என்ற இன்னொரு மலை ஆட்டுக்கான ஒரே ஒரு அனுமதி ஏலத்தில் 4,80,000 டொலருக்குப் போனது. அந்தப் பணம் ஆடுகளைப் பாதுகாக்கும் வேலைக்குத்தான் போகிறது என்றாலும், எனக்கும் அதைக் கேட்டால் ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு எழுதுகிறவர்கள் வெல்டிங் செய்பவர்கள், லொறி ஓட்டுபவர்கள், தாதியர். இந்த மாகாணத்தில் குடியிருப்பதால் குறைந்த கட்டணத்தில் போகக்கூடியவர்கள்.

நினைத்த ஆட்டையெல்லாம் சுட முடியாது. இந்த மாகாணத்தில் ஸ்டோன் கிடாயைச் சட்டப்படி எடுக்கவேண்டுமானால், தலையை நேரே பக்கவாட்டில் பார்க்கும்போது கொம்பின் நுனி மூக்குத்தண்டின் கோட்டுக்கு மேலே எழும்பியிருக்கவேண்டும், அல்லது கொம்பின் வருட வளையங்களை எண்ணி எட்டு வயது காணவேண்டும். மணிக்கணக்காகக் குளிரில் படுத்துத் தூரநோக்கியில் வளையம் எண்ணுவதுதான் இந்த வேட்டையின் பெரும்பகுதி. சந்தேகம் என்றால் துவக்கைத் தொடக்கூடாது. பிறகு கொம்பை அதிகாரியிடம் காட்டி அளந்து, கொம்பில் அடையாள முளை அடிக்கவேண்டும். குறைந்தால் பறிமுதல், வழக்கு. நாலு கால் இறைச்சியும் முதுகு இறைச்சியும் மலையில் விட்டுவர முடியாது, அதுவும் சட்டம். அலாஸ்காவில் இறைச்சியை இறக்கி முடிக்கும் வரை கொம்பை இறக்கவே கூடாது.

ஆடுகள் குறைவதற்குக் காரணம் கேட்டால் துவக்கை முதலில் சொல்லமாட்டேன். அலாஸ்காவில் டால் ஆடுகள் அண்மை வருடங்களில் நன்றாகக் குறைந்திருக்கின்றன. பனியின் மேல் மழை பெய்து உறைந்தால் புல்லைக் கிளறமுடியாமல் பட்டினி கிடக்கும். தெற்கே பிக்ஹோர்ன் ஆடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற சளிக்காய்ச்சலில் பெரும்பங்கு, வீட்டு ஆடுகளிடமிருந்து தொற்றும் ஒரு மைக்கோபிளாஸ்மா கிருமிக்கு. இதைச் சொன்னதால் நீங்கள் வேட்டையை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்றில்லை. கொல்லாமல் பார்க்க ஆசை என்றால் அலாஸ்கா நெடுஞ்சாலையில் மஞ்சோ ஏரிப் பக்கம் வாருங்கள், ஸ்டோன் ஆடுகள் உப்பு நக்க றோட்டுக்கே வந்து நிற்கும். காரை மெதுவாக ஓட்டுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): நீங்கள் சொல்லும் துவக்குகளில் ஒன்றை வைத்து எங்கள் நீலகிரி வரையாட்டை வேட்டையாட அனுமதி வாங்க வழி உண்டா?

பதில்: இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி, உங்கள் மாநில விலங்கும்கூட. கேரளாவின் இரவிகுளம் பூங்காவுக்குப் போய்க் கண்ணால் பாருங்கள், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் என்று சொல்கிறார்கள். துவக்கு ஆசைக்கு, இலக்கு வைத்துச் சுடுகிற மைதானச் சங்கம் ஒன்றில் சேருங்கள்.

கேள்வி (எட்மன்டன் வாசகர்): குழல்வாயில் கறுப்பு ரேப் (ஒட்டு நாடா) ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்தேன். அதோடு சுட்டால் குழல் வெடிக்காதா? விமானத்தில் கொண்டுபோன துவக்கை அப்படியே நம்பலாமா?

பதில்: வெடிக்காது. மின்சார வேலைக்குப் பாவிக்கிற சாதாரண ரேப், ஒரு சுற்று. சன்னத்துக்கு முன்னால் வருகிற காற்றே அதைக் கிழித்துவிடும், குறியும் மாறாது. குழலுக்குள் பனியோ சேறோ போய் அடைத்துக்கொண்டு சுட்டால்தான் ஆபத்து, அதைத் தடுக்கத்தான் ரேப். மிச்ச ரேப்பைக் குழலைச் சுற்றி நாலு சுற்று சுற்றி வைத்தால் கையிருப்பும் ஆயிற்று. துருப்பிடிக்காத உருக்கும் துருப்பிடிக்கும், கொஞ்சம் ஆறுதலாகப் பிடிக்கும். ஆகவே இரவில் துடையுங்கள். ஆனால் போல்ட்டுக்குள் எண்ணெயை ஊற்றாதீர்கள், குளிரில் அது இறுகி ஊசி மெதுவாக அடிக்கும்.

விமானத்தில் பூட்டுப்போட்ட கடினப் பெட்டி, வெறுமையான துவக்கு, ரவை ஐந்து கிலோவுக்குள். விமான நிலையத்தில் அந்தப் பெட்டியை எப்படி எறிகிறார்கள் என்று நீங்கள் பார்க்காமல் இருப்பது நல்லது. அதற்கப்புறம் மிதவை விமானமோ குதிரையோ. வடக்கில் குதிரையின் பக்கத்தில் உறையில் தொங்குகிற துவக்கின் ஸ்கோப் ஒவ்வொரு மரத்திலும் முட்டும். முகாமுக்குப் போனதும், வழிகாட்டி அவசரப்படுத்தினாலும், நூறு மீற்றரில் ஒரு பெட்டி மட்டையை வைத்து இரண்டு வெடி வைத்துப் பாருங்கள். அதற்கென்று ஐந்தாறு ரவை கூடக் கொண்டுபோங்கள். வளையத் திருகுகளுக்கு ஏற்ற சின்னச் சாவியையும் மறக்காதீர்கள். மலையில் யாரிடமும் அது இருக்காது, என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதையும் போன வருடம் இரவல் கொடுத்தேன், இன்னும் திரும்பி வரவில்லை.